பெயர் வைக்காத கல்

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பவதாரணி வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டாள் என்ற கதை நெடுந்தீவில் பிறக்கவில்லை. அது கனடாவில், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு மண்டபத்தில், ரோல்சுக்கும் சோற்றுக்கும் நடுவில் பிறந்தது. சொன்னவர் தீவைக் கடைசியாகப் பார்த்தது தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில். அவருக்குச் சொன்னது அவருடைய மச்சாள். மச்சாளுக்குச் சொன்னது, குறிகட்டுவானில் படகுக்கு நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு பெண். அந்தப் பெண்ணின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவள் பொய் சொல்லமாட்டாள் என்பது மட்டும் மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதே மேசையில் பவதாரணியின் அண்ணன் ஜெயரூபனும் இருந்தார். கனடாவில் இரண்டு கோயில்களிலும் ஊரில் ஒரு கோயிலிலும் திருவிழா உபயகாரர். கடித்த ரோல்சைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆர், எங்கட பவாவோ?" என்று கேட்டார். ஓம் என்றார்கள். அன்று அவர் சாப்பிடவேயில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக.

கதைக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. பவதாரணி கோயில் திருவிழாவுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். நெற்றியில் திருநீறு இல்லை. ஒரு வெள்ளைக்காரியோடு பெருக்கமரத்தடியில் நின்று கதைத்ததை ஆட்டோக்காரர் கண்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவள் சைக்கிளில் மாதா கோயில் ஒழுங்கைக்குள் திரும்புகிறாள். ஒரு சைவப் பெண் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஒழுங்கைக்குள் திரும்பினால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கமுடியும். அந்த ஒழுங்கையில்தான் போனுக்கு சிக்னல் ஒழுங்காக வருகிறது என்ற யோசனை யாருக்கும் வரவில்லை.

உண்மையில் பவதாரணி போனது மேரிசுகந்தியின் வீட்டு மேல்மாடிக்கு. மேரிசுகந்தி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது முன்பள்ளி நடத்துகிறவள். கோயில் மதிலை ஒட்டி இருக்கும் அந்த மாடியில் போனை யன்னலில் சாய்த்து வைத்தால் உலகம் தெளிவாகத் தெரியும்.

உலகத்தை அப்படிப் பார்க்கவேண்டிய தேவை பவதாரணிக்கு வந்தது கணவர் இறந்த அடுத்த வருடத் திருவிழாவில். அவர்கள் குடும்பத்தின் உபயம் ஆறாம் நாள் திருவிழா. அதற்கென்று ஜெயரூபன் மனைவியோடு பறந்து வந்திருந்தார். தர்ப்பை போடும் நேரம் உபயகாரக் குடும்பத்தை ஐயர் கூப்பிட, பவதாரணி பழக்கத்தில் முன்னுக்குப் போய்விட்டாள். பரிபாலன சபைத் தலைவர் சிவகுரு மாஸ்டர் மிகவும் மரியாதையான மனிதர். ஒருநாளும் குரலை உயர்த்தாதவர். "பிள்ளை, நீர் கொஞ்சம் அங்கால நில்லும்" என்றார். அவள் அங்காலே நின்றாள். அங்காலே என்பது செருப்புக் கழற்றுகிற இடத்துக்குப் பக்கம். கோபம்கூட வரவில்லை. முப்பது வருடமாக அந்தக் கோயில் குத்துவிளக்குகளைப் புளி போட்டு மினுக்கிய கை தன்னுடையது என்ற நினைவு மட்டும் வந்தது. அடுத்த வருடம் ஆறாம் திருவிழாவன்று அவள் ஆஸ்பத்திரியில் மேலதிக வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெள்ளைக்காரி வந்தது அதற்குப் பிறகு. பெயர் இங்கிரிட், ஒல்லாந்துக்காரி, அதாவது டச்சுக்காரி. பாவோபாப் என்று வெளியில் சொல்லும் அந்தப் பருத்த பெருக்கமரத்தைப் பார்க்கவென்றே தீவுக்கு வந்தாள். பார்த்தாள், கட்டிப்பிடித்தாள், மத்தியான வெயிலில் தொப்பியில்லாமல் வெளியில் ஒரு கல்லின்மேல் கண்மூடி இருந்தாள், பிறகு மயங்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சேலைன் ஏறும் வரைக்கும் அவளோடு ஆங்கிலத்தில் கதைக்கப் பவதாரணியை இருத்தினார்கள். ஒரு காலத்தில் ஒல்லாந்தர் வந்து, தங்கள் ஊரின் பெயரை இந்தத் தீவுக்கு வைத்து, கல்லையும் மரத்தையும் கும்பிடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். இப்போது அதே நாட்டிலிருந்து ஒருத்தி வந்து, கல்லையும் மரத்தையும் கும்பிடலாம், எப்படியும் கும்பிடலாம் என்று ஊசி ஏற்றிய கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் அவளுடைய ஆட்களும் தங்களைப் பேகன்கள் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். கிறிஸ்தவத்துக்கு முந்திய தங்கள் பழைய தெய்வங்களை, பருவங்களை, நிலத்தைத் தேடிப் போகிறவர்களாம்.

பவதாரணி மருந்துக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் விசாரித்தாள். பூசை செய்வது யார்? இங்கிரிட் சொன்னாள், அவரவரே. பரிபாலன சபை? இங்கிரிட்டுக்கு விளங்கவில்லை. யார் எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கிற ஆம்பிளைகள் என்று பவதாரணி விளக்கினாள். இங்கிரிட் சிரித்து, அப்படி ஒன்றும் இல்லை என்றாள்.

அந்த இல்லைதான் பவதாரணியைப் பிடித்துக்கொண்டது. தீவைவிட்டுப் போகுமுன் இங்கிரிட் பெருக்கமரத்தடியில் வைத்து அவளைத் தன் போன் குழுவில் சேர்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிரேசிலிலும் இருந்து ஏழெட்டுப் பெண்கள் போன் திரையில் கூடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு மேசை. அதில் மெழுகுதிரி, இறகு, சிப்பி, செத்த பூனையின் படம், அவரவர் மனம்போல. பவதாரணியைக் கண்டதும் அவர்களுக்கு ஆனந்தம். "நாங்கள் தொலைத்ததைத் தேடுகிறோம், நீ தொலைக்கவே இல்லையே. எங்களிடம் படிக்க உனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். ஏதாவது பாடச் சொன்னார்கள். அவள் ஒரு தேவாரம் பாடினாள். மூன்று பேர் அழுதார்கள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலைப் பிரார்த்தனையில் பள்ளிக்கூடம் முழுதும் கொட்டாவி விட்டபடி பாடுகிற தேவாரம் அது.

அவளுக்குச் சிக்கல் வேறொன்றாக இருந்தது. அவர்களுடைய வருடத்துக்கு எட்டுப் பண்டிகை. ஒன்று பனி உருகுவதற்கு, ஒன்று ஆட்டுக்குட்டி பிறப்பதற்கு, ஒன்று நீண்ட இரவில் சூரியனைத் திரும்பி வா என்று அழைப்பதற்கு. மார்கழியில் அவளும் மெழுகுதிரி கொளுத்தி அழைத்துப் பார்த்தாள். ஆனால் திரும்பி வா என்று கூப்பிடுவதற்கு முதலில் அது போகவேண்டும். நெடுந்தீவில் சூரியன் எங்கேயும் போவதில்லை. இதை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்ல, பிரேசில்காரி தனக்கும் எல்லாம் தலைகீழ் என்றாள். அயர்லாந்துக்காரி மூலநாட்களை மாற்றக்கூடாது என்றாள். வாக்குவாதம் வாரக்கணக்கில் நீண்டு ஒருத்தி குழுவைவிட்டே போனாள். சபை இல்லாத இடத்தில் சபைச் சண்டை மட்டும் எப்படி வருகிறது என்று பவதாரணி யோசித்தாள். கடைசியில் இங்கிரிட்தான் சொன்னாள்: "உன் இடத்தில் எது போய்த் திரும்புகிறதோ அதைப் பார்."

நெடுந்தீவில் போய்த் திரும்புவது காற்று. தென்மேற்கிலிருந்து சோளகம் வந்தால் யன்னல் அடிபடும், படகு ஓடாது, மருந்துப் பெட்டி குறிகட்டுவானில் கிடக்கும். வாடை வந்தால் மழை. இரண்டுக்கும் நடுவில் கடல் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் சில நாட்கள். இவைதான் தன் பண்டிகைகள் என்று பவதாரணி வைத்துக்கொண்டாள். கடற்கரையில் அலை உருட்டி உருட்டி ஓட்டை ஓட்டையாக்கிய ஒரு முருகைக்கல்லைப் பழஞ்சேலையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்து, வளவின் பின்மூலையில் பூவரசுக்குக் கீழே வைத்தாள். வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணீருக்கு மூன்று கட்டை தூரம் சைக்கிள் மிதிக்கவேண்டும். கொண்டுவரும் கலனிலிருந்து முதல் செம்பைக் கல்லுக்கு ஊற்றினாள். அந்தத் தீவில் நல்ல தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றுவது விளையாட்டல்ல. அவள் ஒன்றும் கேட்பதில்லை. கல்லுக்குப் பெயரும் வைக்கவில்லை. அங்கே நிற்கும்போது ஒருவரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இனி அதை இழக்க அவள் தயாராகவும் இல்லை.

மேரிசுகந்திக்கு மட்டும் இதைச் சொல்லியிருந்தாள்.

"நில்லும். என்ன சொன்னீர், பேகனோ?" மேரிசுகந்தி தேநீரை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். "எங்கட அம்மம்மாவின்ர ஞானோபதேசப் புத்தகத்தில அதுக்கு நல்ல தமிழ் இருந்தது. அஞ்ஞானியள். சைவக்காரப் பெட்டையளோட விளையாடினால் அஞ்ஞானியாப் போவாய் எண்டுதான் எங்களை வெருட்டினவை."

"அப்ப நான் முந்தியே அஞ்ஞானிதான்."

"ஓம். வெள்ளைக்காரரிட்ட விண்ணப்பிச்சுத் திரும்ப அஞ்ஞானியான ஒரே ஆள் நீர்தான்."

கனடாவில் ஜெயரூபனுக்கு இந்த விவரங்கள் கிடைக்க வழியில்லை. தங்கையிடம் நேரே கேட்கலாம் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. மதம் மாறியவர்கள் அதை மறைப்பார்கள் என்று மண்டபத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே புங்குடுதீவில் வான் ஓட்டும் ஒன்றுவிட்ட தம்பி தயாபரனைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். தயாபரன் ஒரு தோடம்பழப் பையோடு படகேறி வந்து, சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னான். பத்து வருடமாகச் சும்மா பார்க்க வராதவன் சும்மா வந்தால் யாருக்கும் விளங்கும்.

அவன் முதலில் சாமி அறையைப் பார்த்தான். படங்கள் இருந்தன. மாதா படம் இல்லை. அலுமாரியை எட்டிப் பார்த்தான். வேதப்புத்தகம் இல்லை. சாப்பிட்டு, அன்று தங்கி, விடிய எழும்பிப் பல்லை விளக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனவன் அப்படியே நின்றான். பூவரசுக்குக் கீழே பவதாரணி ஈரத்தலையோடு ஒரு கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தயாபரன் பிரஷை வாயிலிருந்து எடுத்தான். செருப்பைக் கழற்றினான். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அக்கா," என்றான். "இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?"

"எதை?"

"வைரவரை."

"இது வைரவர் இல்லை, தயா."

"அப்ப ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. கல்லு. நான்தான் கொண்டுவந்து வச்சனான்."

"நீங்கள் கொண்டுவந்தனியளோ, அவர் உங்களைக் கொண்டு வருவிச்சவரோ? பேரும் இல்லை, உருவும் இல்லை, மரத்துக்குக் கீழ இருக்கிறார். அது வைரவர் இல்லாமல் வேற ஆர் அக்கா?"

பவதாரணி வாயைத் திறந்தாள். பருவங்கள், காற்று, அயர்லாந்து, இங்கிரிட், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த இடைவெளிக்குள் தயாபரன் படமெடுத்து அனுப்பிவிட்டான்.

அன்று காலையிலேயே ஜெயரூபன் போனில் அழைத்தார். அழுதுகொண்டிருந்தார்.

"பவா, அண்ணா உன்னைப் பிழையா நினைச்சிட்டன்."

"அண்ணா, நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ. அது வைரவர் இல்லை."

"தெரியும் பிள்ளை, தெரியும். ஆதி வைரவர்."

"ஆதியும் இல்லை. நான் சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்தது."

"எல்லாம் அவன் செயல். கனவில வந்து சொன்னவரோ?"

"இல்லை."

"சொல்ல விருப்பமில்லாட்டி வேண்டாம். அதெல்லாம் வெளியில சொல்லப்படாது" என்று அவரே முடித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை அவளுடைய போனில் 'நெடுந்தீவு ஆதி வைரவர் ஆலயத் திருப்பணிச் சபை' என்ற குழு வந்து சேர்ந்தது. அவளைக் கேட்காமலே காப்பாளர் ஆக்கியிருந்தார்கள். கல்லின் படத்துக்குப் பின்னால் மின்னல் வெட்டியது. கீழே சுற்றிச் சுற்றி மல்லிகை விழுந்தது. இலண்டனிலிருந்து ஒருவர், தீவை ஆண்ட வெடியரசனே இந்த வைரவரைக் கும்பிட்டுத்தான் கடலுக்குப் போனான் என்று எழுதினார். பாரிசிலிருந்து இன்னொருவர், தன் பூட்டன் சொல்லித் தானும் கேள்விப்பட்டிருப்பதாக உறுதிப்படுத்தினார். நெடுந்தீவில் சிவகுரு மாஸ்டர் பவதாரணியை ஆஸ்பத்திரி வரிசையிலேயே கண்டு, பிரஷர் குளிசையை வாங்கிக்கொண்டு, "பிள்ளை, உமக்குப் பெரிய அருள் கிடைச்சிருக்கு" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதில் ஒரு கிழவி தன் முழங்காலில் கை வைக்கச் சொன்னாள். பவதாரணி பூசுகிற மருந்தைக் கொடுத்து அனுப்பினாள். நோவு குறைந்ததும் அது வைரவர் கணக்கில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கிரிட்டிடமும் மற்றவர்களிடமும் தன் கல்லுக்கு வந்த கதியைச் சொன்னாள். திரையில் எல்லா முகமும் மலர்ந்தது. "எவ்வளவு அழகு! உன் ஊரே தன் புனித இடத்தை மீட்டெடுக்கிறது" என்றார்கள். அயர்லாந்துக்காரி குடமுழுக்குக்கு வரப் பயணச்சீட்டு விசாரித்தாள். பவதாரணி போனை அணைத்துவிட்டு மேரிசுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்கட பக்கம் வந்திட்டன் எண்டு சொல்லும்" என்றாள் மேரிசுகந்தி. "ஊரெல்லாம் முதலே நம்பின கதைதானே. ஞாயிறு ஞாயிறு வாறீர் எண்டு நானும் சாட்சி சொல்லுறன். வேதக்காரியின்ர வளவுக்குள்ள ஒருத்தரும் கோயில் கட்ட வராயினம்."

"உங்கட சாமியார் கேட்டால்?"

"அவருக்கு ஆள் கூடினால் சந்தோசம்தான்."

பவதாரணிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாள் அந்த யோசனை நல்லதாகவும் பட்டது. குசினியில் தனியாக நின்று, "அண்ணா, நான் வேதத்துக்கு மாறீட்டன்" என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் விடிய செம்போடு போய் நின்றபோது கை ஏறவில்லை. யாரையும் கேட்காமல், யாருக்கும் கணக்குக் காட்டாமல் வாழ்க்கையில் முதல்தடவையாகச் செய்த ஒரு காரியம். அதைக் காப்பாற்ற இன்னொரு கோயில் மதிலுக்குப் பின்னால் ஒளிவதென்றால், பிறகு அது யாருடைய காரியம்? மேரிசுகந்தியிடம், "எனக்கு ஏலாது" என்றாள். "எனக்கும் தெரியும்," என்றாள் அவள், "உமக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும்."

காணி பவதாரணியின் சீதனம். உறுதிப் பத்திரம் அவள் பெயரில். ஆனால் சீதனம் கொடுத்தவர் அண்ணன். தான் கொடுத்த காணியில் கோயில் கட்டத் தங்கையைக் கேட்கவேண்டும் என்பது ஜெயரூபனுக்கு மரியாதைக் குறைவாகவே பட்டிருக்கும், அப்படி ஒரு எண்ணம் வந்திருந்தால். மறுத்துப் பேச அவளுக்கும் பழக்கமில்லை. "பாப்பம் அண்ணா" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னாள். கனடாவில் அது சம்மதம் என்று பதிவானது.

அந்தக் கிழமையே படகில் சீமெந்தும் கம்பியும் வந்தன. தயாபரன் ஒரு சூலமும் சிவப்புப் பட்டுமாக, றஜீபன் என்ற மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தான். றஜீபன் பூவரசை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு முளைகளையும் நூலையும் எடுத்தான்.

"மரம்?" என்று பவதாரணி கேட்டாள்.

"வேர் அத்திவாரத்தைத் தூக்கும் அக்கா" என்றான் றஜீபன். "தறிக்கத்தான் வேணும். பேந்து நல்லதா ஒரு வில்வம் வைப்பம்."

தயாபரன் போனில் வரைபடத்தைக் காட்டினான். மூலஸ்தானம், அர்த்தமண்டபம், முன்னுக்கு இரும்புக் கதவு, கதவில் உபயகாரர் பெயர்.

"இந்தக் கதவு ஏன்?"

"சாமி தனிய இருக்கேலாதே அக்கா. பூட்டித் திறப்பு ஐயரிட்ட இருக்கும். வெள்ளிக்கு வெள்ளி புங்குடுதீவிலயிருந்து வருவார், கதைச்சிட்டன்."

"அப்ப தண்ணி ஆர் ஊத்திறது?"

"அவர்தான். அதுக்குள்ள வேற ஆரும் போகேலாது." அவளுடைய முகத்தைப் பார்த்து, அது களைப்பு என்று எடுத்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னான்: "நீங்கள் இவ்வளவு காலமும் தனிய நிண்டு கஷ்டப்பட்டது காணும். இனி வெளியில நிண்டு நிம்மதியாக் கும்பிடலாம்."

றஜீபன் முதல் முளையைக் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, அடிக்கச் சுத்தியலை ஓங்கினான்.

"தம்பி, அடியாதையும்."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் தயாபரன் திரும்பிப் பார்த்தான். இந்தக் குரலை அவன் அக்காவிடம் முன்பு கேட்டதில்லை.

"என்ன அக்கா, நேரம் சரியில்லையோ? ராகுகாலம் பாத்துத்தான் வந்தனாங்கள்."

"நேரம் இல்லை. இந்த இடத்தில கோயில் கட்ட வேண்டாம். இது நான் கும்பிடுற இடம்."

"அதுக்குத்தானே கட்டுறம்."

"கட்டினால் நான் கும்பிடேலாது."

தயாபரன் அவளைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், கையிலிருந்த சூலத்தைப் பார்த்தான். மூன்றையும் கூட்டினால் கணக்கு வரவில்லை. "அண்ணைக்கு நான் என்னெண்டு சொல்லுறது? அவர் சொன்னால் நான் இப்பவே இதுகளைத் தூக்கிக்கொண்டு போறன். என்னை நடுவில விடாதையுங்கோ, நீங்களே கதையுங்கோ."

"ஓம். நானே சொல்லுறன்."

அவள் போனை எடுத்தாள். இவ்வளவு காலமும் அழைப்பு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். ஜெயரூபனுக்கு அவள் தானாக எடுத்தது கணவர் இறந்த அன்று மட்டும். அங்கே இரவு. வேலை முடிந்து வந்து சாப்பிடுகிற நேரமாக இருக்கும். சொல்லவேண்டியதை ஒருமுறை மனதுக்குள் அடுக்கினாள். அது வைரவர் இல்லை, அண்ணா. நான் வேதத்துக்கும் மாறவில்லை. அது என்னுடையது. கடைசி வசனம் அண்ணனிடம் இதுவரை அவள் எதைப்பற்றியும் சொல்லாதது.

வீட்டடியில் சிக்னல் ஒரு கோடு. அதற்குள்ளும் மணி போனது. றஜீபன் முளையை மண்ணில் படாமல் ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையில் சுத்தியலோடு குந்தியிருந்தான். தயாபரன் சூலத்தை எங்கே சாத்துவது என்று தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எடுக்கிறாரோ?" என்று கேட்டான்.

"இல்லை. அடிக்குது."

"பேந்து எடுப்பம் அக்கா. இந்த மூலையை மட்டும் இப்ப அடிச்சு விடட்டே?" என்றான் றஜீபன்.

பவதாரணி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நடந்து வந்து, முளை இறங்கவேண்டிய இடத்தில் செருப்புக் காலோடு ஏறி நின்றாள். அந்தப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.